பிராக்கிலிருந்து வந்த சம்பந்தம்

1

இந்த வைகாசியோடு நான் பாரிசுக்கு வந்து இருபத்தேழு வருடங்கள். இதைக் கொண்டாட எங்களிடம் ஒரு முறையும் கிடையாது. லா சப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையின் முதலாளி மட்டும் ஞாபகம் வைத்திருந்து, "இருபத்தேழு வருசமாப் போச்சு, இன்னும் வெள்ளைக்காரி ஒருத்தி பாவக்காயைத் தூக்கிக் காட்டி என்னெண்டு கேட்டால் நீ என்னைத்தான் கூப்பிடுறாய்" என்று பகிடி விட்டார். அது உண்மைதான். எனக்கும் சிரிப்பு வந்தது.

அன்று பின்னேரம் லா கூர்னெவில் இருக்கும் வீட்டுக்கு வந்தால், மகள் லக்சனா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். பதினேழு வயதுப் பிள்ளை தகப்பனுக்காகக் காத்திருந்தால் ஏதோ பெரிய அலுவல் என்று அர்த்தம். மனைவி மாலா குசினியிலிருந்து வெளியே வராமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏற்கெனவே விஷயம் தெரியும் என்பது அந்தத் தண்ணீர்ச் சத்தத்திலேயே விளங்கியது.

"அப்பா, பிராக்கிலை ஒரு கிளப் என்னை எடுக்க விரும்புது. ரெண்டு வருசத்துக்கு."

மகள் ஒன்பது வயதிலிருந்து இங்குள்ள பெண்பிள்ளைகளின் அணியில் கால்பந்து விளையாடுகிறாள். சித்திரை விடுமுறையில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு போட்டிக்குப் போயிருந்தார்கள். அங்கே வந்திருந்த செக் நாட்டுப் பெண்கள் கழகம் ஒன்றின் ஆட்கள் இவளைப் பார்த்திருக்கிறார்கள். தங்குவதற்கு இடம், படிப்பதற்குப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்று கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"யோசிப்பம்" என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு 'இல்லை' என்றுதான் அர்த்தம் என்று மகளுக்குத் தெரியும். அவள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் மறந்துபோகும்.

(அந்தக் கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பிள்ளை போய்ச் சேரும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது மாலாவின் கட்டளை. கண்ணூறு நாவூறுக்கு அவ்வளவு பயம்.)

2

பிராக் என்றதும் எனக்கு வந்தது பயம்தான். அதற்குக் காரணம் உண்டு.

நான் அந்த நகரத்தில் ஐந்து கிழமை இருந்திருக்கிறேன். மொஸ்கோவிலிருந்து எங்களைக் களவாக எல்லை கடத்திக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், பிராக்கின் வெளிப்புறத்தில் ஒரு தொடர்மாடி வீட்டின் அறையில் பதினொரு பேரை அடைத்து வைத்தான். யன்னல் முழுக்கப் பழைய பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தது. கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கும் என்று பகலில் கழிவறையில் தண்ணீர் இழுத்துவிடக் கூடாது. மூன்று நேரமும் அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும். ஒரு விடியப்புறம் எங்களை ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். அப்போது கண்ட ஒரு ட்ராம் தண்டவாளம்தான் நான் பார்த்த பிராக் நகரம். அழகான ஊர் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நான் நாட்டைவிட்டுப் புறப்படுவதற்கு ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. என்னிடம் ஒரு பப்பியேயும், அதாவது ஒரு துண்டுத் தாளும், கிடையாது. மகளுக்கோ ஒரு கட்டுத் தாள் தேவைப்பட்டது. பதினெட்டு வயதாகாத பிள்ளை தனியே நாட்டைவிட்டு வெளியேறலாம் என்று பெற்றோர் ஒப்புக்கொள்ளும் தாள், எங்கள் அடையாள அட்டைப் பிரதிகள், வைத்தியரின் சான்று, பள்ளிக்கூடத்தின் கடிதம், கழகத்தின் படிவம்.

இதற்குள் பெயர்ச் சிக்கல் வேறு. என் அப்பாவின் பெயர் கந்தையா. பிரான்சில் அது எனக்குக் குடும்பப் பெயராகி, மகளுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. மாலாவின் தாளிலோ அவளுடைய அப்பாவின் பெயர். இந்தப் பெண்தான் தாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று பிராக்கிலிருந்து மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தார்கள். "பெத்த எனக்கே சேர்ட்டிபிக்கேட் வேணுமோ?" என்று மாலா இரண்டு நாள் புறுபுறுத்தாள். கந்தையா என்ற பெயர் மகளின் விளையாட்டுச் சட்டையில் முதுகுப் பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறது. பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓடுவதையே பொறுக்காத மனிதர் அவர்.

3

தூர தேசத்திலிருந்து ஒரு பெரிய வீடு எங்கள் பெண்பிள்ளையைக் கேட்டு வருகிறது. இப்படியான விஷயத்தைக் கையாள யாழ்ப்பாணத்தானுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். விசாரிப்பது.

என் அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தபோது, அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் மூன்று நாள் போய்க் குந்தியிருந்தார். தரகர் சொன்னதில் ஒன்றையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்கு முதல் போன மருமகள் எப்படி இருக்கிறாள், கோயிலுக்கு வரும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது, இதைத்தான் கேட்டுத் திரிந்தார். நானும் அப்படியே செய்வதென்று தீர்மானித்தேன்.

"அது கிளப். மாப்பிள்ளை வீடில்லை" என்றாள் மாலா.

"ரெண்டு வருசம் பிள்ளை அவையின்ரை சாப்பாட்டைச் சாப்பிட்டு, அவையின்ரை கூரைக்குக் கீழை படுக்கப்போறாள். எனக்கு வித்தியாசம் தெரியேல்லை."

முதலில் கழகத்தின் இணையப் பக்கம். மகள் வாசித்துப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போனாள், நான் தமிழில் குறுக்குக் கேள்வி கேட்டேன். வரலாறு என்ற பகுதியில் முழுக்கக் கிண்ணங்கள். சாம்பியன், சாம்பியன், மறுபடியும் சாம்பியன். அந்த நகரத்திலேயே இன்னொரு பெண்கள் கழகம் இருக்கிறதாம். வெற்றியை இந்த இரண்டு பேரும்தான் மாறி மாறிப் பங்குபோட்டுக்கொள்கிறார்களாம். மற்ற ஊர் அணிகள் மூன்றாம் இடத்துக்குச் சண்டை பிடிக்கின்றன. பிறகு ஐரோப்பியப் போட்டிகள், அழகான படங்கள்.

நான் கவனித்தது வேறு. வரலாறு, ஆண்களின் பெரிய கழகம் ஒன்று இந்தப் பெண்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட நாளிலிருந்துதான் தொடங்கியது. முதல் படத்திலேயே எல்லோரும் வளர்ந்த பெண்கள், கையில் கிண்ணம்.

"அதுக்கு முதல் என்ன நடந்தது?" என்றேன்.

"முதல் ஒண்டும் போடேல்லை."

"அப்ப உந்தப் பெட்டையள் ஒருநாள் வானத்திலையிருந்து குதிச்சவையோ?"

மகள் கண்ணை உருட்டினாள். ஆனால் எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. கலியாண வீட்டு விசாரணையில் தரகர் எதைச் சொல்லாமல் தாண்டுகிறாரோ, அங்கேதான் நிற்க வேண்டும். இது என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்த புத்தி.

4

எங்கள் கடைக்குக் கறிவேப்பிலை வாங்க வரும் சென்னைப் பொடியன் ஒருவன் இங்கே ஆராய்ச்சி மாணவன். அவனோடு படித்த கார்த்திக் என்பவர் பிராக்கில் கணினி வேலை செய்கிறார். தொலைபேசி இலக்கம் வாங்கிக் கதைத்தேன்.

"ஒரு பெண்பிள்ளை விசயம், தம்பி. காதும் காதும் வைச்ச மாதிரி விசாரிச்சுச் சொல்ல வேணும்" என்றேன்.

"கண்டிப்பா அங்கிள். மாப்பிள்ளை அந்த கிளப்புல கோச்சா இருக்காரா?"

மாப்பிள்ளை இல்லை, கழகத்தைத்தான் விசாரிக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தக் கால் மணித்தியாலம் போனது. நல்ல பிள்ளை. அந்தச் சனிக்கிழமையே மைதானத்துக்குப் போய்விட்டு அழைப்பு எடுத்தார்.

"கிரவுண்ட் சூப்பர் அங்கிள். ஜிம், ஃபிசியோ, ஹாஸ்டல் எல்லாமே டாப்."

"அது இருக்கட்டும் தம்பி. ஆக்கள் எப்பிடி? அங்கை இருக்கிற பிள்ளையளின்ரை முகம் எப்பிடி?"

"முகத்தைப் பாக்கலியே அங்கிள். அடுத்த வாரம் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அடுத்த கிழமை அவர் பிடித்தது புதையல். அணியின் சட்டைகளைத் தோய்த்து மடித்துக் கொடுக்கிற யானா என்ற பெண். எழுபதை நெருங்குகிற மனுசி. ஆகத் தொடக்கத்தில், முதல் அணியிலேயே விளையாடியவர். கார்த்திக்கின் செக் மொழியையும் அவருடைய ஆங்கிலத்தையும் கூட்டி இரண்டு மணித்தியாலம் கதைத்திருக்கிறார்கள். கார்த்திக் சொன்னதை நான் கடையின் பின்பக்கம் வாழைக்காய்ப் பெட்டியில் இருந்துகொண்டு கேட்டேன்.

அது கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலம். யானா ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் தட்டச்சுப் பெண். தொழிற்சாலையின் விளையாட்டு விழாவில், சனத்தைச் சிரிக்கவைக்க, தட்டச்சுப் பெண்களுக்கும் சமையற்கூடத்துப் பெண்களுக்கும் ஒரு கால்பந்து ஆட்டம் வைத்தார்கள். சனம் வயிறு நோகச் சிரித்துவிட்டுப் போனது. அடுத்த கிழமை, ஒருவரும் கூப்பிடாமல், அந்தப் பெண்கள் தாங்களாகவே பந்தோடு மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். "எங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு, அவ்ளோதான்னு சொல்றாங்க அங்கிள்."

புல் மைதானம் ஆண்களுக்கு. பெண்களுக்குப் பின்னால் இருந்த கரிச்சாம்பல் கொட்டிய மைதானம். விழுந்தால் முழங்காலுக்குள் கரி ஏறிவிடும். யானா பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி, தோலுக்கு அடியில் இன்னும் கறுப்பாக இருக்கும் பொட்டுகளைக் காட்டினாராம். சட்டைகள் ஆண்கள் போட்டுக் கழித்தவை, அணியில் ஒருத்திக்குத் தையல் தெரிந்ததால் ஒருவாறு ஒப்பேற்றினார்கள். பத்திரிகைக்காரர் வந்தால் அவர்களுடைய தலைமயிரைப் பற்றி எழுதுவார்கள், எத்தனை கோல் என்று எழுத மறந்துவிடுவார்கள்.

பிறகு ஆட்சி மாறியது. தொழிற்சாலையை மூடினார்கள். சாம்பல் மைதானம் கார் நிறுத்துமிடமானது. அணி கலையவில்லை. ஒரு பூங்காவில், இரண்டு மரத்தைக் கோல் கம்பமாக வைத்துப் பயிற்சி செய்தார்கள். அப்போதுதான் அந்தப் பெரிய கழகம் வந்து கேட்டது. ஒரு நிபந்தனை. பழைய பெயரையும் நிறத்தையும் விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு பின்னேரம் முழுக்க எல்லோரும் கூடியிருந்து வாதாடினார்கள், பாதிப் பேர் அழுதார்கள். கடைசியில் சம்மதித்தார்கள். அதற்குப் பிறகு வந்தவைதான் கிண்ணங்கள் எல்லாம். முதன்முதலாகப் பிரான்சுக்கு விளையாட வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும், திரும்பிப் போகும் பேருந்தில் வழிநீளம் பாட்டுப் பாடியதும் அதற்குப் பிறகுதான்.

இணையப் பக்கம் ஏன் அங்கிருந்து தொடங்கியது என்று எனக்கு விளங்கியது. எங்களிலும் ஒரு பெண் கலியாணம் முடித்துப் போனால், அந்த வீட்டு ஆல்பத்தில் அவளுடைய படம் கலியாணத்தன்றிலிருந்துதான் இருக்கும். இதை நான் அதுவரை யோசித்ததில்லை.

"தம்பி, முதல் போன மருமக்கள்?" என்றேன். கார்த்திக்குக்கு இப்போது என் பாஷை பழகிவிட்டது.

"கேட்டேன் அங்கிள். ஒருத்தங்க டாக்டர். ஒருத்தங்க டிராம் ஓட்டுறாங்க. ரெண்டு பேரு ஜெர்மனில ஆடுறாங்க. ஆனா ஒரு பொண்ணு வெளிநாட்லேர்ந்து வந்து மூணே மாசத்துல அழுதுட்டே ஊருக்குப் போயிடுச்சாம். சாப்பாட்டு மேசைல யாருமே அவகிட்ட பேசலியாம். 'தப்பு எங்களோடது'ன்னு அந்தம்மாவே சொன்னாங்க. இப்போ யாரு புதுசா வந்தாலும் ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு வீட்ல சாப்பாடு. உங்க பொண்ணு வந்தா சாப்பாடு தன் வீட்லதான்னு அந்தம்மா எழுதி வச்சிருக்காங்களாம். சாதம் எப்படி வடிக்கணும்னு என்கிட்ட கேட்டாங்க."

தன் குற்றத்தைத் தானே சொல்கிற சம்பந்தி வீட்டை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. வாழைக்காய்ப் பெட்டியில் இருந்தபடியே எனக்குக் கண் கலங்கியது. முதலாளி எட்டிப் பார்த்து, "ஊரிலை ஆருக்கும் ஏதுமோ?" என்று கேட்டார். இல்லை, நல்ல செய்திதான் என்றேன்.

5

இவ்வளவு விசாரித்தும் ஒரு முடிச்சு அவிழவில்லை. இவ்வளவு பெரிய வீடு, இத்தனை கிண்ணம் வென்ற வீடு, லா கூர்னெவில் இருக்கும் ஒரு மரக்கறிக் கடை வேலையாளின் பிள்ளையை ஏன் கேட்டு வருகிறது? அந்த ஊரில் பிள்ளைகள் இல்லையா? தங்கள் தகுதிக்குக் கீழே இறங்கி ஒரு வீடு பெண் கேட்டால், எங்களுக்கு முதலில் வருவது சந்தேகம். பின்னால் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்போம்.

கடை பூட்டுகிற திங்கட்கிழமை, மகள் பள்ளிக்கூடம் முடிந்து வந்ததும், கழகத்தின் பயிற்சியாளரோடு காணொளியில் கதைக்க நேரம் எடுத்திருந்தோம். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், கட்டையாக வெட்டிய தலைமயிர், நேரே பார்க்கிற கண். மகள் நடுவில் இருந்து ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் பாலம் போட்டாள். சாப்பாடு, படிப்பு, வைத்தியம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு நான் கேட்டேன்.

"ஏன் எங்கடை பிள்ளை எண்டு கேள்."

மகளுக்கு அது விருப்பமில்லை. "அப்பா, அப்பிடிக் கேக்கக் கூடாது. வெட்கமா இருக்கு."

"கேள்."

கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். மகள் சுருக்கமாகச் சொன்னாள். "இடது பக்கத்திலை விளையாட, இடது காலாலை அடிக்கிற ஆளைக் கனகாலமாத் தேடினவையாம். வலது காலுக்கு ஆக்கள் நிறைய இருக்கினமாம். இப்பிடி ஒரு இடது கால் கிடைக்கிறது கஷ்டமாம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நினைத்தது சரி, எங்கோ பிழை நடந்திருக்கிறது. "அவை ஆளை மாறிப் பிடிச்சிட்டினம்" என்றேன். "ஸ்ட்ராஸ்பூர்க்கிலை வேறை ஆரையோ பார்த்திருக்கினம். எங்கடை வீட்டிலை இடது இல்லை எண்டு சொல்லு."

மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. தாயைப் பார்த்தாள்.

மாலாதான் மெதுவாகச் சொன்னாள். "அவள் இடது கால்தானப்பா. சின்னனிலை இருந்து அப்பிடித்தான் அடிக்கிறவள். உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

எனக்கு எப்படித் தெரியும்? ஆட்டங்கள் சனிக்கிழமை. சனி, ஞாயிறுதான் கடையில் சனம் நெரிகிற நாள். எட்டு வருடத்தில் நான் ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லை. பிராக்கில் ஒரு மனுசியின் முழங்காலில் எத்தனை கறுப்புப் பொட்டு என்பது வரை விசாரித்த எனக்கு, என் பிள்ளை எந்தக் காலால் பந்தடிக்கிறாள் என்று தெரியவில்லை. அந்தப் பயிற்சியாளருக்கு முன்னால் எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது.

அழைப்பு முடிந்த பிறகும் மூவரும் மேசையை விட்டு எழும்பவில்லை. ஒருவரும் சொல்லாத ஒரு விஷயம் அங்கே இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும்.

லக்சனாவுக்கு மூன்று வயதில் விசயதசமிக்கு ஏடு தொடக்கினோம். கோயிலில் அரிசித் தட்டைக் கண்டதும் அவள் இடது கையை நீட்டினாள். ஐயர் அதை விலக்கி வலது விரலைப் பிடித்து எழுதுவித்தார். அன்று தொடங்கி இரண்டு வருடம் நான் அதைத் திருத்தினேன். அடிக்கவில்லை. சோறு சாப்பிடும்போது மேசைக்குக் கீழே அவளுடைய இடது கையை என் கைக்குள் பிடித்து வைத்துக்கொள்வேன். பென்சில் எடுத்தால் வாங்கி மற்றக் கையில் கொடுப்பேன். பாலர் பள்ளி ஆசிரியை, பிள்ளைக்கு இயல்பாக இடது கை வருகிறது, தயவுசெய்து அப்படியே விடுங்கள் என்று கொப்பியில் எழுதி அனுப்பினார். எங்கள் முறையில் அப்படி இல்லை என்று மாலாவின் அண்ணன் மகனைக் கொண்டு பிரெஞ்சில் பதில் எழுதிக் கொடுத்தேன். என் பிள்ளை சபையில் இடது கையால் சாப்பிட்டுச் சிரிப்புக்கிடமாகக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை. பிறகு அவள் வலது கையாலேயே எல்லாம் செய்தாள். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன்.

"என்ரை காலை நீங்கள் பார்க்கேல்லை, அப்பா" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்தாள் என்றுகூட நினைக்கிறேன். "அதாலை அது தப்பிச்சுது."

நான் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. மாலாவும் போட்டாள். கீழே மூன்றாவது பெட்டி விளையாடுகிறவருக்கு. பேனையை மகளிடம் நீட்டினேன். அவளுடைய எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதற்காக எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொப்பியை வாங்கி வந்து காட்டியிருக்கிறேன்.

"உனக்கு விருப்பமான கையாலை போடு, பிள்ளை" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பேனையை இடது கைக்கு மாற்றினாள். விரல்களுக்குள் அதை எப்படிப் பிடிப்பதென்று இரண்டு மூன்று விதமாக வைத்துப் பார்த்தாள். தாளில் முனையைத் தொட்டு, ஒரு சின்னக் கோடு கீறிப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"இப்ப வராது, அப்பா" என்றாள்.

பேனையை வலது கைக்கு எடுத்து, பெட்டிக்குள் கையெழுத்துப் போட்டாள்.